பையன் எழுதினால் விளையாட்டா?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடத்துக்குப் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி நல்வாழ்வுத் திட்டப் பயிற்சிக்கு என்னையும் கணித ஆசிரியர் ஒருவரையும் அனுப்பினார்கள். அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. 8, 9ஆம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை நான்தான் எடுக்கிறேன். வளரிளம் பருவம், மாதவிடாய், போதைப்பொருள் என்று எதைத் தொடங்கினாலும் பின்வரிசையில் சிரிப்பு. பெற்றோர் இருவர் வந்து, இதையெல்லாம் சொல்லிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள் என்று தலைமையாசிரியரிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். என் கணவரும் ‘உன் பாடத்தை மட்டும் நடத்து’ என்கிறார். கூச்சப்படும் பிள்ளைகளுக்காகக் கேள்விப் பெட்டி வைத்தேன். அதிலும் பாதி கிண்டல். தவறாகத் தொட்டால் வீட்டில் சொல்லுங்கள் என்று பாடம் நடத்திய வாரத்தில் ‘சொந்தக்காரங்களா இருந்தா யார்கிட்ட சொல்றது மிஸ்’ என்று ஒரு சீட்டு வந்தது. பையன் கையெழுத்து என்று பார்த்ததுமே தெரிந்தது; வம்புக்கு எழுதியிருப்பான் என்று வருகைப் பதிவேட்டுக்குள் செருகி வைத்துவிட்டேன். இந்தப் பொறுப்பிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

பின்வரிசைச் சிரிப்பும், பெற்றோரின் கோபமும், கணவரின் அறிவுரையும் இந்தப் பகுதிக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் குறைகள். அவை ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றும் ஆகிவிடாது. பதிவேட்டுக்குள் செருகி வைத்த அந்தச் சீட்டு காத்திருக்க முடியாதது. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன வரி அது ஒன்றுதான். நான் பதில் எழுதுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான்.

வம்புக்கு எழுதுகிற பிள்ளை என்ன எழுதும் என்பது உங்களுக்கே தெரியும். ஆசிரியரைச் சங்கடப்படுத்தும் ஒரு சொல், பக்கத்தில் இருப்பவன் பெயர், ஒரு படம். பெட்டியில் வந்த மற்றச் சீட்டுகள் அப்படித்தான் இருந்திருக்கும். இந்தச் சீட்டில் அப்படி எதுவுமில்லை. வீட்டில் சொல்லுங்கள் என்று நீங்கள் வகுப்பில் சொன்னீர்கள். வீட்டில் சொல்ல முடியாத ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, உங்கள் பாடத்தில் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறதோ சரியாக அந்த இடத்தில் விரலை வைத்துக் கேட்டிருக்கிறான். வகுப்பிலேயே மிகக் கவனமாகப் பாடம் கேட்ட மாணவனை நீங்கள் குறும்புக்காரன் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அவன் தனக்காகக் கேட்டானா, தம்பிக்காகவோ தோழனுக்காகவோ கேட்டானா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத நிலையில் அதை விளையாட்டு என்று ஒதுக்க உங்களுக்குக் கிடைத்த ஒரே காரணம், கையெழுத்து பையனுடையதாக இருந்தது என்பதுதான். அதே வரி பெண் பிள்ளையின் கையெழுத்தில் வந்திருந்தால் அன்றிரவு நீங்கள் தூங்கியிருப்பீர்களா?

2007ஆம் ஆண்டு மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 விழுக்காடு, அவர்களில் 52.94 விழுக்காட்டினர் ஆண் பிள்ளைகள். துன்புறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், அல்லது குழந்தை நம்பியிருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை யாரிடமும் சொல்லவே இல்லை என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. ஆண் பிள்ளைக்கு இது நடக்காது என்பது நம் குடும்பங்களின் பிடிவாதமான நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மறைவில்தான் குற்றம் செய்கிறவன் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுவிட்டும் போகிறான். ஓர் அறிவியல் ஆசிரியை அந்த நம்பிக்கையை வீட்டிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டு வந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சட்டத்திலும் இந்த வேறுபாடு கிடையாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012ஆம் ஆண்டு இயற்றிய போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயது நிரம்பாத எவரும்தான், ஆணாயினும் பெண்ணாயினும். குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமை என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 21ஆம் பிரிவு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதையும் அந்தச் சட்டமே சொல்லியிருக்கிறது. ஆகவே, தவறாகப் போய்விட்டால் என்ன செய்வது என்ற தயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

நாளைக் காலை அந்தச் சீட்டை எடுத்துத் தேதியிட்டு ஓர் உறையில் வையுங்கள். தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். பிறகு இரவு பகலாக இயங்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்து, பெயர் தெரியாத ஒரு மாணவன் இப்படிக் கேட்டிருக்கிறான் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர்கள் காட்டும் வழியில் செல்லுங்கள். பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நாமே விசாரித்துக்கொள்வோம் என்று தலைமையாசிரியர் சொன்னால் அதற்கு உடன்படாதீர்கள். அவர் சொல்லித் தடுத்துவிட்டார் என்பது உங்கள் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது.

ஆனால் அவன் யாரென்று கண்டுபிடிக்கிறேன் என்று கட்டுரை நோட்டுகளை விரித்துக் கையெழுத்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள்; ‘இதை எழுதியது யார்’ என்று வகுப்பில் கேட்டுவிடவும் கூடாது, அன்றோடு அவன் வாய் அடைத்துப்போகும். மாறாக, அடுத்த பாடவேளையில் முழு வகுப்புக்கும் பொதுவாகப் பேசுங்கள். தொடுகிறவர் மாமாவானாலும் சித்தப்பாவானாலும், உடன்பிறந்த அண்ணனானாலும், பெற்ற தகப்பனே ஆனாலும் அது தவறுதான் என்று உறவுப்பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லுங்கள். நாம் மென்று விழுங்குகிற இடம் அதுதான். அவன் காத்திருப்பதும் அந்தச் சொல்லுக்காகத்தான். பையன்களுக்கும் இது நடக்கும், நடந்தால் குற்றம் அவர்களுடையதல்ல என்று அதே குரலில் சொல்லுங்கள். 1098, பள்ளிக் கல்வித்துறையின் 14417 ஆகிய இரண்டு எண்களையும் கரும்பலகையின் மூலையில் எழுதி, அழிக்காமல் விட்டுவையுங்கள். மதிய உணவு வேளையில் ஆய்வகத்தில் தனியாக இருப்பேன், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே அங்கே இருங்கள்.

அவன் வந்தால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். உன்னைப் பாதுகாக்க யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ஒருபோதும் கேட்காதீர்கள். துருவித் துருவிக் கேட்பது உங்கள் வேலையல்ல. அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதி வையுங்கள். பதறிப்போய் அன்றே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துவிடாதீர்கள், அழைப்பை எடுப்பது யாரென்று உங்களுக்குத் தெரியாது. காவல் நிலையத்துக்கு அலையவிடுவார்கள் என்ற பயம் அவனுக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். குழந்தையின் வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, வாக்குமூலம் பெற வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. இதை அவனுக்கும் சொல்லுங்கள்.

குடும்பம் என்ற ஏற்பாட்டின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. பெரியவர்களுக்குப் பணிந்து நடக்கும் பிள்ளைகளை வளர்த்தவள் நான். ஆனால் பெரியவர் கூப்பிட்டால் மறுக்காமல் மடியில் போய் உட்கார் என்று பழக்கிவிட்டு, தவறாகத் தொட்டால் மட்டும் மறுத்துப் பேசு என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பிள்ளையின் உடம்பைக் காக்க முடியாத குடும்ப மானம் காப்பாற்றத் தகுந்ததல்ல. நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்கும் அம்மாக்களைப் பார்த்துப் பார்த்து நான் சலித்துவிட்டேன். தெரியாமல் போனதால் என்ன ஆனது என்று அவர்களில் ஒருவரும் கேட்பதில்லை.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக. பின்வரிசையில் சிரிக்கிறவர்களுக்கு 13, 14 வயது. கூச்சத்தில் சிரிக்கிறார்கள், நீங்கள் தடுமாறாமல் பேசினால் நான்காம் வாரம் அடங்கிவிடுவார்கள். சத்தம் போட்ட பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, 8ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வளரிளம் பருவமடைதல் என்று ஒரு பாடமே இருப்பதைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவரிடம் 21ஆம் பிரிவைக் காட்டுங்கள். இதுவும் உங்கள் பாடம்தான் என்பது அவருக்குப் புரியும்.

விலகல் கடிதம் எழுதலாமா என்று கேட்டீர்கள். அந்தச் சீட்டு யாரை நோக்கி எழுதப்பட்டதோ அவர் விலகக் கூடாது. 2020இல் தொடங்கிய இந்தத் திட்டமே பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆண் ஒரு பெண் என்றுதான் வகுக்கப்பட்டது. பையன்கள் ஓர் ஆண் ஆசிரியரிடம் வாய்திறக்க வழி வேண்டும் என்பதை உங்கள் பெட்டியே காட்டிவிட்டது. தலைமையாசிரியரிடம் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டியது, கணித ஆசிரியர் இனிக் கையெழுத்தோடு நிற்காமல் வகுப்புக்குள் வரவேண்டும் என்பதை. அவர் மறுத்தால், அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.