சுண்டெலி பி.டி-1 புரதம் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காக, ஹெக்293 செல்களில் தயாரிக்கப்பட்ட, ஹிஸ் டேக் (அடையாள வால்) உடைய சுண்டெலி பி.டி-1 (டி செல்லை அடக்கும் ஏற்பி) மறுசேர்க்கைப் புரதத்தை வாங்கினேன். எலைசா (பிணைப்பை நிறத்தால் காட்டும் சோதனை) தட்டில் எஃப்.சி (எதிர்ப்பொருளின் அடிப்பகுதி) இணைந்த பி.டி-எல்1 (பி.டி-1-இன் இணை) புரதத்தைப் பூசி, அதன் மேல் இதைச் சேர்த்து, ஹிஸ் டேக்கை அறியும் எதிர்ப்பொருளால் பார்த்தபோது நிறமே வரவில்லை. பி.டி-1 எதிர்ப்பொருளான நிவோலுமாபும் இதனோடு ஒட்டவில்லை. ஜெல்லில் 17 கிலோடால்டனில் வர வேண்டிய பட்டை 35-க்கு அருகில் அகன்று தெரிகிறது. பக்கத்து ஆய்வகத்திலிருந்து எஃப்.சி இணைந்த பி.டி-1 சிறிது வாங்கி, தூண்டப்பட்ட மண்ணீரல் செல்களில் சேர்த்தேன். பெருக்கம் குறைவதற்குப் பதிலாகச் சற்றுக் கூடிவிட்டது. புரதத்தைத் திருப்பி அனுப்பலாமா?

பதில்: அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள நான்கு விளைவுகளுமே நல்ல நிலையில் உள்ள புரதத்திலும் வரக்கூடியவைதாம்.

முதலில் ஜெல். பி.டி-1 ஏற்பியின் முழு நீளம் 288 அமினோ அமிலங்கள். நாம் வாங்குவது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுமார் 140 அமினோ அமிலப் பகுதியை மட்டுமே. அந்தச் சிறு பகுதியில் சர்க்கரைச் சங்கிலிகள் இணையும் இடங்கள் நான்கு உள்ளன. ஹெக்293 போன்ற பாலூட்டிச் செல்கள் அவற்றை நிரப்பியே புரதத்தை வெளியிடுகின்றன. ஒவ்வொரு மூலக்கூறிலும் சங்கிலியின் நீளம் வேறுபடுவதால் பட்டை மேலேறி அகன்று தெரிகிறது. ஐயம் இருந்தால் பி.என்.கேஸ் எஃப் நொதியால் சர்க்கரையை வெட்டிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பட்டை 17-க்கு அருகில் இறங்கினால் கவலை இல்லை.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் மனித பி.டி-1-க்காக உருவானவை, சுண்டெலியின் பி.டி-1-ஐ அவை அறியா. ஆர்.எம்.பி1-14 அல்லது ஜே43 எதிர்ப்பொருளை நேர்மறைக் கட்டுப்பாடாக வையுங்கள். இதில் பலரும் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு: சுண்டெலி பி.டி-1 மனித பி.டி-எல்1-உடன் இணையும், அவ்விணைப்பின் படிக அமைப்பே வெளியாகியுள்ளது. ஏற்பியும் அதன் இணையும் இனம் தாண்டி ஒட்டுகின்றன என்பதால் எதிர்ப்பொருளும் தாண்டும் என்று எண்ணிவிடக் கூடாது.

எலைசாவில் நிறம் வராததுதான் இதில் முக்கியமான செய்தி. பி.டி-1 இயல்பாகவே தனி மூலக்கூறாக இருப்பது, டி செல்லின் பிற ஏற்பிகளான சி.டி.எல்.ஏ-4, சி.டி28 ஆகியவற்றைப் போல இரண்டிரண்டாகப் பிணைக்கும் சிஸ்டீன் அதற்கு இல்லை. தனி மூலக்கூறாக அது பி.டி-எல்1-உடன் கொள்ளும் பிணைப்பின் வலிமை மைக்ரோமோலார் அளவில்தான் இருக்கிறது. மனிதப் புரதத்தில் அது ஏறத்தாழ 8 மைக்ரோமோலார் என அளந்திருக்கிறார்கள். இந்த எண் குறையக் குறையப் பிடி வலுக்கும். நல்ல எதிர்ப்பொருள்கள் நானோமோலாரிலோ அதற்கும் கீழேயோ பிடிப்பதோடு ஒப்பிட்டால், இது தொட்டுவிட்டு விலகும் உறவு. சில நொடிகளில் விடுபடும் ஒன்றை மூன்று முறை கழுவினால் தட்டில் எஞ்சுவது ஏதுமில்லை. செல்களின் மேல் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் எதிரெதிரே நிற்பதால் இந்த மெல்லிய பிடி அங்கே போதுமானதாகிறது. தட்டிலும் அந்தக் கூட்டுப் பலத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

எஃப்.சி பகுதிகள் இரண்டிரண்டாகப் பிணைந்துகொள்ளும். ஆகவே எலைசாவுக்கு எஃப்.சி இணைந்த இரட்டை வடிவமே ஏற்றது. எஃப்.சி பி.டி-1-ஐ மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் வீதம் 4 டிகிரியில் இரவு முழுதும் பூசுங்கள். அதன் மேல் பயோட்டின் ஏற்றிய எஃப்.சி பி.டி-எல்1-ஐச் சேர்த்து ஸ்ட்ரெப்டவிடின் நொதியால் காணுங்கள். இரண்டிலும் மனித எஃப்.சி இருக்கையில், மனித எஃப்.சி-யை அறியும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தினால், பூசிய புரதத்தையே அது பிடித்துத் தட்டு முழுதும் மஞ்சளாகிவிடும். அதைப் பார்த்து மகிழ்ந்துபோனவர்களும் உண்டு. உங்களிடமுள்ள ஹிஸ் வடிவத்தை எறிந்துவிட வேண்டாம். எஸ்.பி.ஆர் கருவியில் உண்மையான பிணைப்பு வலிமையை அளக்கும்போது இரட்டை வடிவம் அளவை மிகைப்படுத்திக் காட்டும். அங்கே தனி மூலக்கூறுதான் வேண்டும்.

இனி மண்ணீரல் செல்கள். பி.டி-1 என்ற தடுப்புக்கட்டை டி செல்லின் மேலேயே இருக்கிறது. அதை அழுத்துவது எதிரே உள்ள செல்லின் பி.டி-எல்1. கரைந்த நிலையில் நீங்கள் சேர்த்த பி.டி-1 அந்தப் பி.டி-எல்1-ஐ மூடிவிட்டதால், தடை விலகிப் பெருக்கம் கூடுவதே எதிர்பார்க்க வேண்டியது. டி செல்லை அடக்கிக் காட்டுவதுதான் நோக்கம் என்றால், வாங்க வேண்டியது எஃப்.சி பி.டி-எல்1, அதையும் கரைசலாக ஊற்றாமல், டி செல்லைத் தூண்டும் சி.டி3 எதிர்ப்பொருளுடன் தட்டில் பூச வேண்டும். கட்டுப்பாட்டுக் குழிகளில் அதே அளவு வெறும் எஃப்.சி புரதத்தைப் பூசுவது கட்டாயம், இல்லையெனில், பி.டி-எல்1 இடம் பிடித்துக்கொண்டதால் சி.டி3 எதிர்ப்பொருள் குறைவாக ஒட்டியதையே அடக்கம் என்று படித்துவிடுவீர்கள். தூண்டப்படாத டி செல்லில் பி.டி-1 மிகக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனாலும் அந்தக் கூடுதலை அப்படியே நம்பிவிடவும் நான் தயங்குவேன். மண்ணீரலில் பி செல்கள் ஏராளம். சுண்டெலியின் பி செல்கள் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) பட்டாலே பெருகும். நீங்கள் அளந்தது மொத்தச் செல்களின் பெருக்கமா, டி செல்களை மட்டும் பிரித்துப் பார்த்ததா என்று எழுதவில்லை. மொத்தம் எனில், கடனாக வாங்கிய குழாயின் எண்டோடாக்சின் அளவைச் சான்றிதழில் பாருங்கள். செல் ஆய்வுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு 0.1 அலகுக்குக் கீழே இருப்பதையே நான் வாங்குவேன். ஈ.கோலையில் தயாரித்து மடித்தெடுத்த புரதம் படிக ஆய்வுக்குப் பயன்பட்டிருந்தாலும், செல் வளர்ப்புக்கு இதனாலேயே அதைத் தவிர்க்கிறேன். மேலும், எஃப்.சி பகுதி மேக்ரோஃபேஜ், பி செல் ஆகியவற்றின் எஃப்.சி ஏற்பிகளிலும் ஒட்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் 2.4ஜி2 எதிர்ப்பொருளால் முன்பே அவற்றை அடைத்துவிடுங்கள்.

அடுத்த முறை வாங்கும்போது, பயோட்டின் ஏற்றும் எண்ணம் இருந்தால் பி.எஸ்.ஏ (மாட்டு அல்புமின் புரதம்) கலக்காத வடிவத்தைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பயோட்டின் பெரும்பாலும் பி.எஸ்.ஏ-வில்தான் ஏறும். தூளாக வரும் குழாயைத் திறக்குமுன் சற்றே சுழற்றி இறக்கி, 50 மைக்ரோகிராமை 500 மைக்ரோலிட்டர் பி.பி.எஸ்-இல் குலுக்காமல் கரைத்து, 100 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் உறைய வையுங்கள். மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் வீதம் பூசினால், ஒவ்வொரு பங்கும் ஒரு 96 குழித் தட்டுக்குச் சரியாக இருக்கும். உருக்கியதை மறுபடி உறைய வைக்கும் தேவையே வராது.