பதில்: குறைந்த காற்றில் ஏன் இறங்கவில்லை?

மணிக்கு 75 கி.மீ. காற்றில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் இறங்கிய விமானம், 55 கி.மீ. காற்றில் ஏன் வேறு ஊருக்குப் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள், திசைதான் முக்கியம். அங்கே ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காக இருக்கிறது. தென்மேற்கிலிருந்து 40 நாட் (காற்று வேகத்தின் அலகு; மணிக்கு 75 கி.மீ.) அடித்தால் ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே கோணம் சுமார் 30 பாகை. அப்போது பக்கவாட்டில் தள்ளுவது பாதி, சுமார் 20 நாட்தான். நீங்கள் சொன்ன தெற்குக் காற்றோ 30 நாட் (55 கி.மீ.), கிட்டத்தட்ட முழுசாகப் பக்கத்திலிருந்தே அடிக்கும். அப்புறம், ஏ320 ரக விமானம் சோதனையில் இறங்கிக் காட்டிய பக்கக் காற்றின் அளவு, திடீர் வீச்சோடு சேர்த்து 38 நாட். ஆனால் ஓடுபாதை நனைந்திருந்தால் நிறுவனங்கள் வரம்பைக் குறைத்துக்கொள்ளும். அன்று மழை என்றும் எழுதியிருக்கிறீர்களே! விமானி எடுத்தது சரியான முடிவாகத்தான் எனக்குத் தெரிகிறது.