அம்மாவின் பச்சை மாத்திரை

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதால், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று ஆறு மாதமாக வைட்டமின் ஈ 400 என்ற பச்சை மாத்திரையும் தினம் போடுகிறார். இப்போது பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. லேசாக இடித்தாலே கை கன்றிவிடுகிறது. சத்து மாத்திரையால் இப்படி ஆகுமா?
- வாசகி, திருச்சி

பதில்: ஆகலாம். வைட்டமின் ஈ-யை இன்றே நிறுத்துங்கள். ஆனால் இதய மாத்திரைகளில் கை வைக்காதீர்கள். "ரத்தம் வருதே" என்று பயந்து பல வீடுகளில் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு, சத்து மாத்திரையை மட்டும் பத்திரமாகத் தொடர்வார்கள். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்புதான். இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகும் இரண்டு மாத்திரையும் தேவையா என்றும் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

ஏன் இப்படி? காயத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை, அதிக அளவில் சாப்பிடும் வைட்டமின் ஈ குறைக்கிறது. ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே-யின் வேலையையும் கெடுக்கும். அம்மா சாப்பிடும் இரண்டு மாத்திரைகளும் தட்டணுக்களைத்தான் தடுக்கின்றன. ஆக, ஒரே பக்கம் மூன்று பேர் இழுக்கிறார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

அளவைப் பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும் என்பது அமெரிக்கக் கணக்கு. கடையில் கிடைக்கும் செயற்கை வகை 400 யூனிட் மாத்திரையில் உடல் பயன்படுத்தக்கூடியது சுமார் 180 மில்லிகிராம். பன்னிரண்டு நாள் தேவை ஒரே விழுங்கில்! தாங்கக்கூடிய உச்ச அளவு என்று அமெரிக்கா 1000, ஐரோப்பா 300 மில்லிகிராம் வைத்திருப்பது உண்மைதான். அதெல்லாம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடாதவர்களுக்கு. அவர்களுக்கும் வருடக்கணக்கில் போடுவது நல்லதல்ல. 35,000-க்கும் அதிகமான ஆண்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'செலக்ட்' என்ற ஆய்வில், தினம் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது 2011-இல் தெரியவந்தது. தடுக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள்.

சில கல்லீரல் கொழுப்பு நோய்களுக்கும், கொழுப்பைச் செரிக்க முடியாத குறைபாடுகளுக்கும் மருத்துவர்களே இதை எழுதித் தருவதுண்டு. அது வேறு கதை.

சரி, கெண்டைக்கால் பிடிப்பு? சாதாரண இரவுப் பிடிப்புக்கு வைட்டமின் ஈ உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தூங்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்று காலை நீட்டச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறதா? அப்படியானால் காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

சத்துக்கு ஒரு கைப்பிடி பாதாமே போதும், ஏறக்குறைய 7 மில்லிகிராம் கிடைக்கும். வேர்க்கடலையிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் உண்டு. தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு.

அப்புறம், வைட்டமின் ஈ உடல் கொழுப்பில் தங்கும். நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. ஈறுக்காக அதற்குள் பல் மருத்துவரிடம் போனால், பல்லில் கை வைக்கும் முன்பே மூன்று மாத்திரை அட்டைகளையும் காட்டிவிடுங்கள்.