ஓவியக் கேள்வி பதில்: ரோமத்துக்குள் இருக்கும் ஓநாய்

கேள்வி: நான்கு மாதங்களாகப் பென்சிலில் ஓநாய் வரைந்து பழகி வருகிறேன். புகைப்படங்களைப் பார்த்தே வரைந்தாலும் பின்னங்கால்கள் ஒடிந்தவைபோலத் தெரிகின்றன. பார்ப்பவர்களும் நாய் என்றே சொல்கிறார்கள். எந்த இடத்தில் தவறுகிறேன்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: நீங்கள் அனுப்பிய மூன்று ஓவியங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கோடுகளில் தயக்கம் இல்லை. நிழலும் நன்றாக விழுந்திருக்கிறது. சிக்கல் நீங்கள் தேர்ந்துகொண்ட புகைப்படங்களில் இருக்கிறது. மூன்றுமே வட அமெரிக்காவின் குளிர்காலத்து ஓநாய்கள். அந்தப் பருவத்தில் அடர்ந்த உள்ரோமமும் அதன்மேல் நீண்ட முரட்டு ரோமமும் உடலைப் போர்த்திவிடுவதால், கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது, தொடை எங்கே மடிகிறது என்பவை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. புலப்படாத இடத்தை நம் மனம் மனித உடலைக் கொண்டு நிரப்பிவிடுகிறது.

பின்னங்காலின் நடுவே பின்புறமாகத் துருத்தி நிற்கும் மூட்டை நீங்கள் முழங்கால் என்று எண்ணி வரைந்திருக்கிறீர்கள். அது குதிகால். நாம் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பதுபோல, ஓநாய் எப்போதும் விரல்களை மட்டுமே ஊன்றி நடக்கிறது. அதன் உண்மையான முழங்கால் நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்தபடி, வயிற்றுக் கோட்டை ஒட்டி, ஏறத்தாழ முன்காலின் முழங்கை இருக்கும் உயரத்தில், அடிவயிற்றுத் தோல் மடிப்புக்கு அருகில் மறைந்திருக்கிறது. முழங்காலை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டால் ‘ஒடிந்த கால்’ தானாகவே நேராகிவிடும்.

இதைப் படத்தில் பார்ப்பதைவிடக் கையால் தொட்டறிவது மேல். உங்களிடம் நன்கு பழகிய நாய் ஒன்றை நிற்க வைத்து, தொடையின் முன்பக்கமாக விரல்களை மெதுவாகக் கீழே இறக்குங்கள். புளியங்கொட்டை அளவில் ஒரு சில்லு தட்டுப்படும். அது முழங்கால் சில்லு. பிறகு கையைக் காலின் பின்பக்கம் கொண்டு சென்றால், கயிறுபோல் விறைத்த தசைநார் ஒன்று அகப்படும். அதைப் பிடித்தபடியே இறங்கினால் கூரான ஓர் எலும்பு முனையில் போய் முடியும், குதிகால் அதுதான். அந்தத் தசைநாருக்கும் கால் எலும்புக்கும் இடையே தோலைத் தவிர அதிகமாக எதுவும் இல்லாததால், இரண்டு விரல்களால் அந்த இடத்தைக் கிள்ளிப் பிடிக்கவே முடியும். அந்தக் குழிவில் நீங்கள் இடும் ஒரு சிறு நிழல், நூறு ரோமக் கோடுகள் செய்யாத வேலையைச் செய்யும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டை ரோம நாய்களிடம் இவை அனைத்தும் தொடாமலே தெரியும்.

மூட்டுகளின் வரிசை நாய்க்கும் ஓநாய்க்கும் ஒன்றே, அளவுகளில்தான் வேறுபாடு. ஓநாயின் கால்கள் நீளமானவை. மார்பு ஆழமானது, ஆனால், முன்னிருந்து பார்த்தால் வியப்பளிக்கும் அளவுக்குக் குறுகலானது. முழங்கைகள் உடலோடு ஒட்டியிருக்க, பாதங்கள் சற்றே வெளிப்புறம் திரும்பியிருக்கும். சீராக ஓடும்போது முன்பாதம் பதிந்த தடத்திலேயே பின்பாதமும் விழுந்து, தடங்கள் ஏறக்குறைய ஒரே கோட்டில் செல்வதற்கு இந்தக் குறுகிய மார்பும் ஒரு காரணம். நீங்களோ நான்கு கால்களையும் மேசைக் கால்கள்போல அகற்றி ஊன்றியிருக்கிறீர்கள். பாதங்களையும் கவனியுங்கள்: முன்பாதம் பின்பாதத்தைவிடப் பெரியது, முன்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாத ஐந்தாவது விரல் ஒன்று சற்று உயரத்தில் இருக்கும்.

தோள்பட்டை எலும்பை உடற்கூட்டோடு இணைக்க, நமக்கு இருப்பதுபோன்ற காறை எலும்பு அதற்கு இல்லை; இரு பட்டைகளுக்கும் இடையே மார்புக்கூடு தசைகளால் தொட்டில்போலத் தொங்குகிறது. ஆகவே, தலையைத் தாழ்த்திப் பதுங்கி நடக்கும் ஓநாயின் பட்டைகள் முதுகுக் கோட்டுக்கு மேலே மாறி மாறி எழும்பித் தாழும். முதுகை ஒரே நேர்கோடாக இழுத்துவிட்டால் அந்த நடையின் உயிர் போய்விடும்.

என் பரிந்துரை ஒன்றுண்டு. அடுத்த சில வாரங்களுக்குப் பனிப்பிரதேச ஓநாயை விட்டுவிட்டு, தக்காணப் புல்வெளிகளிலும் குஜராத், ராஜஸ்தான் வறள்நிலங்களிலும் வாழும் இந்திய ஓநாயை வரையுங்கள். அது சிறிய உடலும் குறைந்த உள்ரோமமும் கொண்டது என்பதால் தோளும் முழங்கையும் குதிகாலும் வெளிப்படையாகத் தெரியும். இத்தனை அழகிய விலங்கை நம் ஓவியர்கள் இவ்வளவு அரிதாகவே வரைகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கேள்வி: சீறும் ஓநாயின் முகத்தை நீலக் கண்களுடன் வண்ணத்தில் தீட்டினேன். நண்பர் ஒருவர் கண்ணும் பல்லும் தவறு என்கிறார். சரியா?
– ஓவிய ஆசிரியர், திருச்சி

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரியே. ஓநாய்க் குட்டிகள் நீலக் கண்களோடு பிறந்தாலும், சில மாதங்களுக்குள் அந்த நிறம் மாறிவிடும். வளர்ந்த ஓநாயின் கண்கள் பெரும்பாலும் மஞ்சளோ தேன் நிறமோ கொண்டவை, பாவை வட்டமானது. கண்கள் சாய்ந்து, வெளிமுனை காதின் அடியை நோக்கி உயர்ந்திருக்கும். பல நாய்களுக்கு மூக்குத்தண்டு முடியும் இடத்தில் நெற்றி சட்டென்று மேலெழும். ஓநாய்க்கு அது மெல்லிய சரிவாகவே ஏறும்.

பற்கள் மேலே 20, கீழே 22 என மொத்தம் 42. பலரும் செய்யும் பிழை கோரைப்பற்களில்தான் நேர்கிறது: வாய் மூடும்போது கீழ்க் கோரைப்பல் மேல் கோரைப்பல்லுக்கு முன்னால் வந்து அமரும், உங்கள் ஓவியத்தில் அது பின்னால் இருக்கிறது. சீறும்போது மேலுதடு உயர்வதால் மூக்குத்தண்டின் மேல்தோல் சுருங்கி மடிப்புகள் விழும். காதுகளை முன்னோக்கி நிறுத்தினால் அது மிரட்டும் ஓநாய்; பின்னால் படிய வைத்தால் அஞ்சிச் சீறும் ஓநாய். நீங்கள் ஒரு காதை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்திருப்பதால் முகம் எதையும் சொல்லவில்லை.

கேள்வி: ரோமத்தை ஒவ்வோர் இழையாக வரைய வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். மூக்கிலிருந்து பின்னோக்கியும், தோளிலிருந்து கீழ்நோக்கியும் ரோமம் பாயும் திசையை முதலில் அம்புக்குறிகளாக இட்டுக்கொண்டு, கழுத்துப் பிடரி, கன்னம், தொடையின் பின்புறம் ஆகிய இடங்களில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பிரித்துக் காட்டினால் போதும். கால்களின் கீழ்ப்பகுதியில் ரோமம் குட்டையாக ஒட்டியிருப்பதால் அங்கே எலும்பின் வடிவமே தெரிய வேண்டும். வாலைச் சுருட்டாமல் குதிகால் வரை நேராகத் தொங்கவிட்டு, வேரிலிருந்து சற்றுத் தள்ளி மேற்புறத்தில், சுரப்பி அமைந்துள்ள இடத்தில், ஒரு கருந்திட்டு இடுங்கள்.