மண்டபம் முகாமில் பிறந்தவர் இந்தியரா?

"1986-இல் மண்டபம் முகாமில் பிறந்தேன், பெற்றோர் இலங்கை அகதிகள், நான் எந்த நாட்டவன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பிறப்பிலேயே இந்தியர்தான், அண்ணா. 1955 குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இங்கே பிறந்தவருக்கு, தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சிலரைத் தவிர, பெற்றோர் எந்த நாடு என்பது கணக்கில்லை. இதே முகாமில் 1986-இல் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள், அதுதான் உயிர்நாடி.

உங்கள் தம்பி அங்கேயே 1989-இல் பிறந்தவர் என்றீர்களே, சிக்கல் அங்கேதான். அதே முகாம், அதே தாய் வயிறு. ஆனால் 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்ததால், அவர் இந்தியர் ஆக, அவர் பிறந்தபோது பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். மூன்று வருடத்தில் சட்டம் அண்ணன் தம்பியை வேறு வேறு நாட்டவர் ஆக்கிவிட்டது! அவருக்கு மட்டும் தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள்.