மாங்கூழ் ஆலைக்கு எந்த வகை செக்யூரிட்டி வேண்டும்?

கிருஷ்ணகிரி பக்கம் சிறிய மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறீர்கள், ஏஜென்சியிடம் எந்த மாதிரி ஆள் கேட்பது என்கிறீர்கள். துப்பாக்கிக்காரர் வேண்டாம். அது நகைக்கடை, வங்கி, பணவண்டி போன்ற இடங்களுக்கு, சம்பளமும் அதிகம்.

உங்களுக்கு முக்கியம் கேட் காவலர். சீசனில் மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கும்போது வண்டி எண், வந்த நேரம், எடைச்சீட்டு எல்லாம் அவர் பதிவேட்டில்தான் ஏறும். ஏற்றிப் போகும் சரக்கை கேட் பாஸோடு, அதாவது வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டோடு, ஒப்பிட்டுப் பார்ப்பவரும் அவரே. அதனால் உடம்பைவிட எழுத்தும் கணக்கும் தெரிந்தவரா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை திருட்டு சுவரேறி வருவதைவிட கேட் வழியாகப் போவதுதான் அதிகம்!

இரவு ரோந்துக்குத் தனி ஆள் வையுங்கள். கேட்டில் இருப்பவரையே சுற்றி வரச் சொன்னால் கேட் காலியாகிவிடும். பெண் தொழிலாளர்கள் இருந்தால், ஷிப்ட் முடிந்து போகும்போது சோதனைக்குப் பெண் காவலர் கட்டாயம். ஓசூர் சிப்காட் கம்பெனிகள் போல ரிசப்ஷனுக்கும் கேமரா அறைக்கும் தனித்தனி ஆள் உங்களுக்குத் தேவைப்படாது.

அப்புறம், ஏஜென்சிக்கு 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தச் சட்டப்படி காவலருக்கு வயது 18 முதல் 65 வரை இருக்க வேண்டும், பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினர் கிடைத்தால் நல்லது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் தேடினால் கிடைப்பார்கள்.