கண்ணாடிக்குள் மேட்டிலிருந்து இறங்கும் பேரன்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) பெரிய பெல்ஜியம் கண்ணாடி ஒன்று, தலைப்பக்கம் முன்னால் சாய்ந்தபடி உயரத்தில் மாட்டியிருக்கிறது. அதை நோக்கி ஓடும்போது உள்ளே இருப்பவன் இரண்டு மடங்கு வேகத்தில், அதுவும் மேட்டிலிருந்து இறங்குவதுபோல் வருகிறான் என்கிறான் பேரன். பொருளும் பிம்பமும் ஒரே வேகம் என்கிறது அவனுடைய பாடப்புத்தகம். கண்ணாடி கெட்டுவிட்டதா? மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றிவிடாதீர்கள், ஆச்சி. கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது. பேரன் சொல்வதும் சரி, புத்தகம் சொல்வதும் சரி.

பேரன் நொடிக்கு 2 மீட்டர் ஓடினால், பிம்பமும் எதிர்ப்பக்கத்திலிருந்து 2 மீட்டர் வேகத்தில்தான் வருகிறது. ஒதுங்கி நிற்கும் உங்கள் கணக்கு அது. ஓடுகிறவனுக்கோ இரண்டும் சேர்ந்து 4 மீட்டர். அவனையே சுவரை ஒட்டி, கண்ணாடிக்கு இணையாக ஓடச் சொல்லுங்கள். பிம்பம் முந்தவும் செய்யாது, பிந்தவும் செய்யாது.

மேடு எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான விஷயம். கண்ணாடி எத்தனை டிகிரி சாய்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு சாய்கிறது உள்ளே தெரியும் உலகம். நூலில் கட்டிய ஒரு தூக்குக்குண்டைக் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து தொங்கவிடுங்கள். 4 அடி உயரக் கண்ணாடியில் கீழ்விளிம்பு நூலிலிருந்து 4 அங்குலம் உள்வாங்கியிருந்தால், சாய்வு ஏறத்தாழ 5 டிகிரி. அப்போது உள்ளே ஆத்தங்குடிக் கல் பாவிய தரை 10 டிகிரி சரிவாக, தூரம் போகப்போக உயர்ந்து தெரியும். அந்தச் சரிவில்தான் பேரன் இறங்கி வருகிறான், உடம்பையும் முன்னால் சாய்த்துக்கொண்டு. பீரோக் கதவுக் கண்ணாடியிலும் இதே கணக்குதான்: கதவை 10 டிகிரி திறந்தால் உள்ளே அறை 20 டிகிரி சுழலும்.

சாய்த்து மாட்டியவர்கள் விவரமானவர்கள். அந்த உயரத்தில் நேராக மாட்டியிருந்தால், கீழே நிற்பவருக்கு எதிர்ச்சுவரின் மேல்பாதியும் உத்தரமும்தான் தெரியும்.

நேராகத்தான் வேண்டுமென்றால் தாழ்த்தி மாட்ட வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ளவருக்குத் தலை முதல் கால் வரை தெரிய 80 செ.மீ. கண்ணாடி போதும். கண் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் கீழ்விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ.யில் இருக்கட்டும். பின்னால் நகர்ந்தால் கூடுதலாகத் தெரியும் என்று பலரும் நம்புகிறார்கள். தட்டையான கண்ணாடி நேராக இருந்தால், எவ்வளவு நகர்ந்தாலும் உங்கள் உருவத்தில் அதே அளவுதான் தெரியும்.

உண்மையான பழுதைக் கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. கண்ணாடியில் தெரியும் தேக்குத் தூண் ஒன்றைப் பார்த்தபடி தலையை இடமும் வலமுமாக அசையுங்கள். தூண் பாம்புபோல் நெளிந்தால் கண்ணாடிப் பரப்பு மேடுபள்ளமாக இருக்கிறது என்று பொருள். ஓரத்துக் கரும்புள்ளிகள் பின்பூச்சு உதிர்வதால் வருபவை. நானாக இருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிடுவேன்.

ஆளை வைத்து, கண்ணாடி தொங்கும் கம்பியையும் ஆணியையும் மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேரன் ஓடிவந்து நிற்பது அதற்கு நேர் கீழே.